போகிறவரிடம் கேட்கக் கூடாதது

மழை ஓய்ந்து கடல் திறந்து மூன்று வாரம் இருக்கும். அயிலை கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்த அந்தக் காலையில் லோகய்யா படகை விட்டு இறங்கி, மீன் இறக்குவதைக்கூட நின்று பார்க்காமல் வீட்டுக்கு நடந்து போய்விட்டார். அவர் மனைவி குலாபி அப்போது ஏலக் களத்தில் இரண்டு கூடை மத்திக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற மீன்காரி பேபிதான் முதலில் பார்த்தாள்.

"ஏ குலாபி, உன் தாண்டேல் முதுகைப் பிடிச்சுக்கிட்டுப் போறாரு பாரு. ராத்திரி பூரா என்னடி பண்ண வச்ச?"

"அவரு ராத்திரி பூரா கடல்ல கெடந்தாரு. உன் ஆளு எங்க கெடந்தாருன்னு நீ போயி விசாரி."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். குலாபியும் சிரித்தாள். ஆனால் மத்தியை வேறொருத்திக்கு விட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

முப்பது பேர் ஏறும் பெரிய வலைப் படகுக்கு லோகய்யா தாண்டேல். முன்பக்கம் நின்று நீரின் நிறத்தைப் பார்த்து, இங்கே வளையுங்கள் என்று கையை உயர்த்துகிறவர். அந்தக் கை தப்பினால் முப்பது வீட்டிலும் அன்று வெறும் கஞ்சி. எங்கள் ஊர் பெங்ரேயில் அவர் கை அதிகம் தப்பாது என்று பேர். அப்படிப்பட்டவர் அன்றைக்கு வீட்டுக்குள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, "யாரோ உள்ளேருந்து கயிறு போட்டு இழுக்கற மாதிரி இருக்கு" என்றார்.

ஊர் டாக்டர் படம் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்தவர் மங்களூருக்குப் போகச் சொன்னார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அனுசூயா பல்லாள் என்ற அறுவை மருத்துவர் அவர்களை உட்கார வைத்துப் பேசினார். ஐம்பது வயதிருக்கும். துளு அவர் வாயில் வீட்டுப் பேச்சாகவே வந்தது.

"லோகய்யண்ணா, நெஞ்சுலேருந்து வயித்துக்கு இறங்கற பெரிய ரத்தக்குழாய் இருக்கில்ல, அது ஒரு எடத்துல பலவீனமாகி ஊதியிருக்கு."

"படகு பம்பு ஓஸ் பழசானா ஒரு பக்கம் புடைச்சுக்குமே, அப்படியா?"

"அப்படியேதான்."

"அந்த ஓஸை நாங்க மாத்திடுவோம். மாத்தலன்னா வெடிச்சுடும்."

"மாத்தலாம். ஆனா பம்பை நிறுத்திட்டு நீங்க மாத்துவீங்க. நான் உங்களை அப்படி நிறுத்தி வைக்க முடியாதே" என்றார் டாக்டர். லோகய்யா சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "பெரிய ஆபரேஷன். உங்களை மாதிரி பத்துப் பேருக்குப் பண்ணினா ஆறேழு பேர் நடந்து வீட்டுக்குப் போவாங்க. ரெண்டு பேர் திரும்ப மாட்டாங்க. ஒருத்தருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிடலாம், இல்ல சிறுநீரகம் கெடலாம். பண்ணலேன்னா இது எப்ப வெடிக்கும்னு என்னால சொல்ல முடியாது. நாளைக்கே நடக்கலாம். அஞ்சு வருஷம் ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். பாரம் தூக்காம, மருந்து சாப்பிட்டுக்கிட்டு, கரையில இருக்கணும்."

"நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா. உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

டாக்டர் கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தார். எத்தனையோ பேர் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டிருப்பார்கள் என்று குலாபிக்குத் தோன்றியது. ஆனாலும் அவர் முதல்முறை காதில் விழுந்தது போலத்தான் யோசித்தார்.

"எங்கப்பா பள்ளிக்கூட வாத்தியார். சாய்வு நாற்காலியும் பேப்பரும் இருந்தா அவருக்குப் போதும். அவருக்கு வேண்டாம்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கு என்ன போதும்னு எனக்குத் தெரியாதே. ஒரு பக்கம் சரி, ஒரு பக்கம் தப்புன்னு இருந்தா நானே சொல்லிடுவேன் அண்ணா. இதுல அப்படி இல்ல. கரையிலேயே உட்கார்ந்து அஞ்சு வருஷம் உங்களால இருக்க முடியுமா? கால் இல்லாம இருக்க முடியுமா? எது உங்களுக்குத் தாங்கும், எது தாங்காது? அதை நீங்கதான் சொல்லணும்." அப்புறம் குலாபியின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?"

குலாபி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அவரு சொல்றதுதான்."

"அவர் சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஒண்ணு இருக்குமில்ல?"

"அவருதான் தாண்டேல்" என்றாள் குலாபி.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி. அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க. நீங்க அவரைக் கேளுங்க. அவர் உங்களைக் கேக்கட்டும். இதுக்கு அதைவிட நல்ல மருந்து என்கிட்ட இல்ல."

சொல்வதற்கு எளிதாக இருந்தது. ஆனால் எங்கள் கரையில் போகிற ஆண்பிள்ளையைக் கேட்க மாட்டார்கள். எங்கே என்று கேட்க மாட்டார்கள். எப்போது வருவாய் என்று கேட்க மாட்டார்கள். பையைக் கையில் கொடுத்துவிட்டு நிலைப்படியில் நிற்பதோடு சரி. கேட்டால் அந்தக் கேள்வி படகில் கூடவே ஏறிக்கொள்ளும் என்பார்கள்.

குலாபி ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில், பின்மதிய வெயிலில் லோகய்யா பையைத் தோளில் போட்டபோது, வாய் தவறி, ஆசையில், "எப்ப வருவீங்க?" என்றாள். அன்று படகில் தீப்பிடித்தது. லோகய்யா நீந்தி வந்தார். அவருடைய அக்கா அப்பியின் புருஷன் வரவில்லை. கேட்டது அப்பியின் காதில் விழுந்ததா இல்லையா என்று குலாபிக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே கிணறு. அப்பி ஒரு நாளும் அதைப் பேசியதில்லை. பேசாமல் இருந்ததே குலாபிக்குப் பதிலாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் லோகய்யாவைக் கேள்வியே கேட்டதில்லை. கடலைப் பற்றித்தான் கேட்கக் கூடாது. ஆனால் நாக்கு அந்தக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. சோறு போடவா என்றுகூடக் கேட்க மாட்டாள். போட்டு வைப்பாள். சாப்பிட்டால் பசி, சாப்பிடாவிட்டால் இல்லை. இப்படியே ஒரு குடும்பத்தை நடத்திவிட முடியும் என்பதும், யாருக்கும் குறை தெரியாது என்பதும் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

அந்த வாரம் அப்பிதான் நிறையப் பேசினாள். எங்களவர்களில் தாய்வழிதான் வழக்கம், ஆணுக்கு வீடு என்றால் அவன் அக்கா தங்கை வீடுதான். அந்த உரிமையில் நடு அறையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, மீன் செதில் ஒட்டிய கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள்.

"நம்ம கடலைக் காக்கற பொப்பர்ய தெய்வத்துக்கிட்டக் கேட்டுட்டு வந்துட்டேன். நம்பி நட, பின்னால நான் வரேன்னு சொல்லிடுச்சு."

"எங்க நடக்கன்னு சொல்லிச்சாக்கா? ஆஸ்பத்திரிக்கா, வீட்டுக்கா?" என்றார் லோகய்யா.

"உனக்கு எல்லாம் கிண்டல். தாண்டேல் ஆனா தெய்வத்தையும் அதட்டலாமா?"

"அதட்டல. திசை கேக்கறேன். நான்கூட என் ஆளுங்களுக்குக் கை காட்டித்தான் சொல்றேன்."

குலாபி அடுப்படியில் அயிலைக்குப் புளிமிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். லோகய்யாவின் குரல் தன்னை நோக்கித்தான் வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மியை நிறுத்தினால் ஏதாவது பேச வேண்டியிருக்கும். நிறுத்தவில்லை. அரைபட்டுப் போன மசாலாவையே மறுபடி அரைத்தாள்.

அவளுக்குள் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி, வேண்டாம், போகாதீங்க, கரையில் என் கண்முன்னால் உட்கார்ந்திருங்கள், வெடிக்கிறபோது வெடிக்கட்டும் என்றாள். இன்னொருத்தி, கரையில் உட்கார வைத்து அவரை மெல்ல மெல்லக் கொல்வாயா என்றாள். இரண்டு பேரும் கேட்க விரும்பியது ஒன்றைத்தான். உங்களுக்கு என்ன வேண்டும்? அதைக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் புகையும் டீசலும் கலந்த அந்தப் பழைய வாடை மூக்கில் ஏறியது.

மும்பையிலிருந்து மகள் ஹரிணாக்ஷி போனில் அழுதாள். "அம்மா, அப்பா என்னம்மா சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"நீ கேட்டியா?"

"கேக்கற விஷயமாடி இது" என்று குலாபி போனை வைத்துவிட்டாள்.

மங்களூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் லோகய்யா முற்றத்தில் உட்கார்ந்து, கிழிந்த வலைத் துண்டு ஒன்றைக் கோத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் வேண்டாத துண்டு. குலாபி கருவாடு அள்ள வந்தாள். "கடல் இன்னைக்கு நல்லா இருக்கு" என்றார். "ஆமா" என்றாள். "கரையிலேருந்து பார்த்தாலும் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவள் கருவாட்டைத் தட்டில் அள்ளி முடிக்கும்வரை அவர் ஊசியை நகர்த்தாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போனாள். பின்னால் ஊசி மறுபடி நகரும் சத்தம் கேட்டது.

காலையில் பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, உச்சிலத்து மகாலட்சுமி கோயில் பிரசாதம், பல்பொடி எல்லாம் வைத்துக் கட்டி நிலைப்படியில் வைத்தாள். படகுக்குப் போகிற அன்று வைக்கிற அதே இடத்தில். அவர் குனிந்து எடுக்கப் போனார். வலி இழுத்தது. பாதியில் நிமிர்ந்து, ஒரு நிமிடம் நின்றார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சரி, செஞ்சுடலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியிலும் டாக்டர் ஒருமுறை கேட்டார். "பேசினீங்களா ரெண்டு பேரும்?" இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். டாக்டர் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தார். "நிஜமாவே?" என்றார். "பேசியாச்சு" என்றார் லோகய்யா.

உயிர் பிழைத்தார். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் பல்லாளின் முகமூடி கழுத்தில் தொங்கியது. கண்கள் சிவந்திருந்தன. புடைத்த இடத்தை மாற்றியாகிவிட்டது, ஆனால் தண்டுவடத்துக்குப் போகிற ரத்தம் குறைந்து போயிருக்கலாம், இரண்டு நாள் பார்க்கலாம் என்றார். இரண்டு நாள் கழித்தும் கால் அசையவில்லை. டாக்டர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னார். லோகய்யா கேட்டுக்கொண்டார். "நீங்க முன்னாலேயே சொன்னதுதானே டாக்டரம்மா. பத்துல ஒருத்தன் நான்" என்றார். டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் எழுந்து போன பிறகு குலாபி வெந்நீரில் துணி நனைத்து லோகய்யாவின் பாதங்களைத் துடைத்தாள். துடைப்பது அவருக்குத் தெரியவில்லை. கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு பார்த்தேன்."

துணி நின்றது.

"வலை கோத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேனே அன்னைக்கு. உங்களுக்குப் போகணுமான்னு கேட்டிருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பேன். எனக்குப் பயமா இருந்துச்சு குலாபி. கரையில இருந்துடலாம்னுதான் இருந்துச்சு. நீ பையைக் கட்டி வச்சே. சரி, இவளுக்கு நான் ஆம்பளையா எழுந்து போறதுதான் வேணும், மூலையில உட்கார்ந்திருக்கறவன் வேணாம்னு நெனச்சுக்கிட்டேன்."

"அய்யோ. போறவங்களைக் கேக்கக் கூடாதே."

"இது கடலாடி?"

அவள் துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்தாள். "எனக்கும் நீங்க போக வேணாம்" என்று சொன்னாள். "போக வேணாம்னுதான் இருந்துச்சு. நீங்க போகணும்னு ஆசைப்படறீங்கன்னு நெனச்சேன்."

லோகய்யா சிரிக்கத் தொடங்கினார். தையல் இழுத்தது. சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அப்புறம் அது சிரிப்பாக இல்லை. பக்கத்துக் கட்டில் ஆள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெங்ரேக்குத் திரும்பியதும் எல்லாரும் வந்து பார்த்தார்கள். படகு ஆள் சதியா வாரம் ஒருமுறை வந்து வாசல் நிறையப் பேசுவான்.

"தாண்டேலண்ணா, புதுத் தாண்டேல் கை காட்டற எடத்துல எல்லாம் சொறிமீன்தான் வருது. நீங்க படுத்துக்கிட்டே கை காட்டுங்க, கட்டிலோட தூக்கிட்டுப் போறோம்."

"கட்டிலுக்கும் ஒரு பங்கு தருவியாடா?"

"கட்டிலுக்கு அரைப் பங்கு. அது வலை இழுக்காதில்ல."

அவன் போனதும் வீடு சட்டென்று காலியாகும். குலாபி விடியலில் ஏலத்துக்குப் போய், கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்று, வெயில் ஏறுவதற்குள் ஓடி வருவாள். அவரைப் புரட்டிப் போட்டு, முதுகுக்கு எண்ணெய் தடவி, துணி மாற்றுவாள். கையில் மீன் வாடை. "சோப்புப் போட்டியா?" என்பார். "போட்டேன்." "பொய். இன்னைக்குக் கொடுவாய் வித்திருக்க." அவர் சொல்வது சரியாக இருக்கும். அந்த மாதங்களில் இருவரும் ஒருவரையொருவர் ரொம்ப மரியாதையாக நடத்திக்கொண்டார்கள். கோபம் இருந்த இடத்தில் அது இருந்தது. அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. யார் பேரில் பாரம் அதிகம் என்று அளக்க இருவருமே பயந்தார்கள்.

கோடை முற்றியபோது காய்ச்சல் வந்தது. வந்து போய், வந்து போய், பிறகு போகாமலே தங்கியது. மறுபடியும் மங்களூர். உள்ளே வைத்த செயற்கைக் குழாயில் சீழ் பிடித்திருக்கிறது என்றார் டாக்டர் பல்லாள். இந்த முறை லோகய்யாவைத் தள்ளுவண்டிக் கட்டிலோடு தன் அறைக்கே வரவழைத்திருந்தார். அப்பியும் கூட வந்திருந்தாள்.

"திறந்து அந்தக் குழாயை எடுத்துட்டு வேற வழியா மாத்தணும். போன தடவை சொன்னதைவிட மோசமான நிலைமை அண்ணா. பாதிப் பேர்கூடத் தேற மாட்டாங்க. செய்யாம மருந்து மட்டும் குடுத்தா, கொஞ்ச வாரம், கொஞ்ச மாசம். வலி இல்லாம பார்த்துக்க முடியும். செய்யணும்னு நீங்க நெனச்சா நான் செய்யறேன், முழு மனசோட செய்வேன். வேண்டாம்னா அதுக்கும் நான் கூட இருப்பேன்." நிறுத்தினார். "போன தடவை நீங்க பேசிக்கலைன்னு எனக்குத் தோணிச்சு. நான் இன்னும் கொஞ்சம் நின்னு கேட்டிருக்கணும். இப்ப நான் வெளியில இருக்கேன். அவசரம் இல்ல."

டாக்டர் எழுந்து போனார். குலாபியும் எழுந்துவிட்டாள். எழுந்தது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. வராந்தாவுக்கு வந்து சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்பி பின்னாலேயே வந்தாள்.

"உள்ள போ."

"என்னால முடியாதுக்கா."

"கேளுடி அவனை."

"நான் கேட்டா நல்லதுக்கு வராது. உங்களுக்குத் தெரியும்." இத்தனை வருடத்தில் முதல்முறையாக அது வெளியே வந்தது. "அன்னைக்கு நான் கேட்டேன். எப்ப வருவீங்கன்னு கேட்டேன். உங்க காதுல விழுந்திருக்கும்."

"விழுந்துச்சு."

குலாபி நிமிரவில்லை.

"விழுந்துச்சு. அதை வச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினேன்" என்றாள் அப்பி. அவள் குரலில் ஆறுதல் இல்லை. யார்மீதோ எரிந்து விழுகிறவள் போலச் சொன்னாள். "உன் மேல போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. நானும் கேட்டேண்டி. அன்னைக்கு நானும் அவரைக் கேட்டேன். வர்றப்ப மல்லிப்பூ வாங்கிட்டு வருவீங்களான்னு கேட்டேன். ஊர்ல எல்லாப் பொம்பளையும் ஏதாவது ஒரு நாள் கேட்டுத்தான் இருப்பா. எவளும் சொல்ல மாட்டா. என் தம்பி காலை நான்தான் எடுத்தேன் குலாபி, வாயை மூடிக்கிட்டு இருந்து. போ. இப்பவாவது கேளு. இல்லேன்னா நான் போயி கேட்டுருவேன். ஆனா அவனுக்கு நான் கேக்கறது வேணாம்."

குலாபி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். லோகய்யா ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் கட்டிலின் அந்தப் பக்கம் போய், ஜன்னலை மறைத்துக்கொண்டு, அவர் பார்வைக்கு நேராக நின்றாள்.

"உங்களுக்குப் போகணுமா?"

குரல் யாருடையதோ போல இருந்தது. அவர் அவளையே பார்த்தார். வயசான, இளைத்த அந்த முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்து இறங்குவதை அவள் பார்த்தாள். அவர் எதைச் சொல்லப் போகிறார் என்பது சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கேட்பது என்றால் இதுவும் சேர்ந்ததுதான் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

"வேண்டாம் குலாபி. வீட்டுக்குப் போகலாம்."

"சரி."

"உனக்கு?"

அவரும் கேட்டார். குலாபி பொய் சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை.

"எனக்கு நீங்க வேணும். எப்படியாவது வேணும். கத்தியை வச்சாவது வேணும். ஆனா அது எனக்கு வேணுங்கறது. உங்களுக்கு வேணுங்கறது இல்ல."

அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். பிறகு கதவைத் திறந்து டாக்டரைக் கூப்பிட்டு, லோகய்யா சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னாள். டாக்டர் பல்லாள் அவளிடம் இன்னொரு முறை கேட்கவில்லை. மருந்துகளை எப்படிக் கொடுக்க வேண்டும், வலி ஏறினால் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்து நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார்.

மழை பிடித்தது. படகுகளெல்லாம் கரையேறி ஓலைப் போர்வைக்குள் படுத்தன. கடலுக்கு யாரும் போகாத மாதங்கள். விற்க மீன் இல்லாததால் குலாபி நாள் முழுக்க வீட்டில் இருந்தாள். அவள் கேட்கத் தொடங்கினாள். இத்தனை வருடத்துக் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. தீப்பிடிச்ச அன்னைக்கு எப்படி நீந்தினீங்க? நீர் நிறம் மாறுதுன்னு எதை வச்சுச் சொல்வீங்க? நடுக்கடல்ல என்ன சமைப்பீங்க, யார் சமைப்பா? என் ஞாபகம் வருமா? பொய் சொல்லாதீங்க, நிஜமா வருமா? அவர் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சில நேரம் பதில் வர ரொம்ப நேரமாகும். மழைச் சத்தத்தில் சில பதில்கள் கேட்காது. அப்போது அவள் முகத்தை அவர் வாயருகே கொண்டு போவாள். அப்பி சில நாள் வந்து கதவருகே உட்கார்ந்து, தன் புருஷனைப் பற்றியும் இரண்டொன்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஆடி நடுவில் ஒரு மத்தியானம். வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. புழுங்கலரிசிக் கஞ்சியைக் குழையக் காய்ச்சி, கருவாட்டுச் சட்னி விரல்நுனி அளவு சேர்த்து, குலாபி ஒரு கரண்டி ஊட்டினாள். அவர் மெல்ல விழுங்கினார்.

"உப்பு போதுமா?" என்றாள்.

அவருக்குப் பதில் சொல்ல நேரம் எடுக்கும் என்பது அவளுக்குப் பழகியிருந்தது. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கஞ்சி ஆறியது. அவள் குனிந்து, முகத்தை அவர் வாயருகே கொண்டு போனாள். கன்னத்தில் மூச்சுக் காற்றுப் படவில்லை. இன்னொரு முறை கேட்டாள்.